முதல் ரசீது

கும்பாபிஷேக வசூலுக்குக் கிளம்புகிற கமிட்டி, ஊரில் பெரிய பணக்காரர் யார் என்று பார்ப்பதில்லை. கேட்டவுடன் எழுதுகிறவர் யார், எழுதும்போது கை நடுங்காதவர் யார் என்றுதான் பார்க்கும். திருப்பூரில் இந்த வித்தை எல்லா வார்டிலும் அத்துப்படி. புது ரசீதுப் புத்தகத்தைப் பிள்ளையார் முன் வைத்து, மூலையில் மஞ்சள் தடவி, நேராக அவர் வீட்டுக்குத்தான் போவார்கள். அவர் 25,001 எழுதினால் அந்த வீதிக்கு ரேட் விழுந்துவிட்டது. அடுத்த வீட்டில் புத்தகத்தை நீட்டும்போது அடிக்கட்டைப் பக்கம் கொஞ்சம் விரிந்தே இருக்கும். "நம்ம மில்லுக்காரர் போட்டிருக்காருங்க, பாருங்க. நீங்களும் உங்களுக்குத் தக்கன போடுங்க." குரலில் கெஞ்சலும் இருக்காது, அதட்டலும் இருக்காது. 501 எழுத நினைத்தவர் 2,001 எழுதுவார். முதல் ரசீதே 501-இல் தொடங்கியிருந்தால் அதே மனிதர், அதே வருமானம், அதே பக்தி, 101-ஓடு முடித்திருப்பார்.

அமெரிக்காவில் ஒரு பொது வானொலிக்கு நன்கொடை தரத் தொலைபேசியில் கூப்பிட்டவர்களிடம் ஜென் ஷாங், ரேச்சல் க்ரோசன் என்ற இரு ஆய்வாளர்கள் இதையே சோதித்துப் பார்த்தார்கள். இன்னொரு உறுப்பினர் 300 டாலர் கொடுத்திருக்கிறார் என்று பேச்சுவாக்கில் ஒரு வரி சேர்த்துச் சொன்னதற்கே சராசரித் தொகை 12 சதவீதம் கூடியது. 2009-இல் வெளியான ஆய்வு அது. நம் கமிட்டிக்காரர் படித்தால் "பன்னண்டுதானா?" என்று கேட்பார்.

குடும்பங்கள் எவ்வளவு தானம் செய்கின்றன என்பதை எது தீர்மானிக்கிறது என்று யாரைக் கேட்டாலும் வருமானம், படிப்பு, பக்தி, மனசு என்று பதில் வரும். எதுவும் பொய்யில்லை. ரெனே பெக்கர்ஸ், பமலா வீப்கிங் என்ற இருவர் 500-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் படித்து 2011-இல் எட்டுக் காரணங்களாகத் தொகுத்துக் கொடுத்தார்கள். அந்த எட்டில் முன்வரிசையில் நிற்கும் ஒன்றை நம் தான தருமப் பேச்சுகள் தொடுவதே இல்லை: யாராவது வந்து கேட்டார்களா என்பது. கொடுப்பவரைப் பற்றிக் கர்ணன் காலத்திலிருந்து பேசுகிறோம். கேட்பவரை இந்திரன் வேஷத்தில் ஒரு முறை மேடையேற்றியதோடு சரி. திருப்பூரைப் பார்க்கப் பார்க்க எனக்கு உறுதிப்படுவது இதுதான்: வாசலில் வந்து நிற்பவர் யார், எந்தக் கிழமை வருகிறார், அவர் கையிலிருக்கும் புத்தகத்தில் ஏற்கெனவே யார் பெயர் இருக்கிறது என்ற மூன்றும்தான் தொகையின் பெரும்பகுதியை முடிவு செய்கின்றன. மனசு மிச்சத்தை முடிவு செய்கிறது.

கிழமையை எடுத்துக்கொள்வோம். பனியன் கம்பெனியில் சனிக்கிழமை சம்பளம். டெய்லர், ஓவர்லாக், பேட்லாக், கைமடி, செக்கிங், அயர்னிங், பேக்கிங், யாராக இருந்தாலும், பீஸ் ரேட்டோ ஷிப்ட் கணக்கோ, வாரக் கடைசியில்தான் கையில் காசு. அந்தக் காசுக்காக மளிகைக்கடைப் பாக்கி, சீட்டு, வாரவட்டி, ஞாயிறு காலைக் கறிக்கடை என்று ஒரு வரிசையே காத்திருக்கும். வசூலுக்கு வருகிறவர் சனி ராத்திரியோ ஞாயிறு விடிந்ததுமோ வந்து அந்த வரிசையில் முன்னால் நின்றாக வேண்டும். புதன்கிழமை வந்தால், எப்பேர்ப்பட்ட சாமியாக இருந்தாலும், "அடுத்த வாரம் வாங்க"தான். அந்தக் குடும்பத்தின் மாத வருமானத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு அதில் தானம் எத்தனை சதவீதம் என்று வகுத்துப் பார்க்கிறவருக்கு இந்தப் புதன்கிழமை கண்ணில் படாது. மாத வருமானம் என்று ஒன்று அந்த வீட்டில் கிடையவும் கிடையாது. தினம் ஒன்றரை ஷிப்ட் ஓடிய வாரம் உண்டு. ஆர்டர் இல்லாமல் மூன்று நாள் வெறுமனே உட்கார்ந்த வாரமும் உண்டு. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் வருகிற தொகை, எந்தச் சனிக்கிழமையும் அவர்கள் கையில் இருந்திராத தொகை.

தீபாவளி போனஸ் வாரத்தில் ஊரே அள்ளிக் கொடுக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். அந்தப் பணம் வருவதற்கு முன்பே பேசி முடிக்கப்பட்ட பணம். அடகு நகை, ஊருக்குப் போகிற பஸ், பிள்ளைகளுக்குத் துணி, பள்ளிக்கூடப் பாக்கி என்று அதன் ஒவ்வொரு நோட்டிலும் ஒரு பெயர் எழுதியிருக்கும். தானத்துக்குச் சுலபமாகப் போவது, யாரும் எதிர்பார்க்காத சின்னப் பணம். அவசர ஷிப்மெண்ட்டுக்காக ராத்திரி நின்று தைத்த காசிலிருந்து நூறு ரூபாய் எடுத்துக் கொடுப்பவர், போனஸிலிருந்து பத்து ரூபாய் எடுக்க யோசிப்பார்.

முதலாளி வீட்டுக்கும் புதன்கிழமை உண்டு. அது மாதக்கணக்கில் நீளும். நூல் விலை ஏறிய 2022 மே மாதம் ஊரே இரண்டு நாள் கடையடைத்துப் போராடியது. 2025 ஆகஸ்ட் 27-இலிருந்து அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது. ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கை அமெரிக்காவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த ஊர் இது. அதற்குப் பிந்திய மாதங்களில் ரசீதுப் புத்தகத்தோடு போனவர்களுக்கெல்லாம் "பேமெண்ட் வரலீங்க, டிரம்ப் வரி போட்டுட்டான்" என்ற பதில் தயாராக இருந்தது. பொய் என்று சொல்ல முடியாது. முழு உண்மை என்றும் சொல்ல முடியாது; அதே வீட்டில் தை மாதக் கல்யாணத்துக்கு மண்டபம் புக் ஆகியிருக்கும். வருமானம் குறையும்போது முதலில் குறைவது தானம் என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்குத் தெரிந்தவரை முதலில் குறைவது, மறுத்தால் யாருக்கும் தெரியவராத தானம். கோயில் கமிட்டிக்குத் தருவது அப்படியே இருக்கும். கம்பெனியில் பெருக்குகிற அம்மாவின் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுவதாகச் சொன்னது அடுத்த வருஷத்துக்குப் போகும்.

இந்த ஊரில் கம்பெனி கொடுப்பது எங்கே முடிகிறது, குடும்பம் கொடுப்பது எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிப்பது கஷ்டம். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குத் தரச் சொல்கிறது. நிகர லாபம் 5 கோடி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, இவற்றில் ஏதாவதொன்றைத் தொட்ட கம்பெனிக்குத்தான் அது பொருந்தும். திருப்பூரில் பெரும்பாலானவை தனியுடைமையோ கூட்டுப் பங்கோதான். வீட்டின் முன்பகுதியில் நான்கு மிஷின் போட்டுத் தைக்கிற பவர் டேபிள்காரரிலிருந்து தொடங்குகிற ஊர். அங்கே கல்லாவும் பீரோவும் ஒன்று. வரிச்சலுகையைப் பற்றி இரண்டு வரி போதும்: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை, புதிய வரிமுறைக்கு மாறியவர்களுக்கு எப்படிக் கொடுத்தாலும் இல்லை. வீதி வசூலில் இதைக் கேட்டு யாரும் தொகையைக் கூட்டியதாக நான் கண்டதில்லை.

அசோகா பல்கலைக்கழகத்தின் மையம் ஒன்று, இந்தியக் குடும்பங்கள் 2020-21-இல் சுமார் 23,700 கோடி ரூபாய் தானம் செய்ததாகக் கணக்கிட்டது. கேட்கப்பட்ட குடும்பங்களில் 87 சதவீதம் ஏதாவதொரு வகையில் கொடுத்திருந்தன. பணத்தின் பெரும்பகுதி மத நிறுவனங்களுக்கு; அதற்கடுத்து, வெகுதூரம் தள்ளி, யாசகர்களுக்கு; மதம் சாராத தொண்டு நிறுவனங்களுக்குப் போனது சொற்பம். இதைப் படித்தவுடன் இந்தியர்கள் சாமிக்குக் கொடுப்பார்கள், மனிதனுக்குக் கொடுக்க மாட்டார்கள் என்று தீர்ப்பெழுதிய கட்டுரைகளைப் பார்த்தேன். எனக்கு அந்தப் பட்டியல் வேறு விதமாகப் பட்டது. கோயில் வீதிமுனையில் இருக்கிறது. யாசகர் கை நீட்டி நேரில் நிற்கிறார். தொண்டு நிறுவனம் எங்கோ ஒரு ஆபீஸில் இருக்கிறது, அதன் ஆள் ஒரு தடவைகூட இந்த வாசலுக்கு வந்ததில்லை. கடவுள் நம்பிக்கை எவ்வளவு என்பதைவிட, யார் எவ்வளவு பக்கத்தில் நின்று கேட்கிறார்கள் என்பதைத்தான் அந்த வரிசை காட்டுகிறது.

கேட்பதற்கு மறுபக்கமும் உண்டு. பாஸ்டன் நகரத்துக்கு அருகே ஒரு சூப்பர்மார்க்கெட் வாசலில் சால்வேஷன் ஆர்மி உண்டியலோடு ஆள் நிறுத்திச் செய்த பரிசோதனையில், வாய்விட்டுக் கேட்டபோது வசூல் பாதிக்கு மேல் கூடியது. கூடவே, வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் கேட்பவர் இல்லாத இன்னொரு வாசலைத் தேடிப் போனார்கள். ஜேம்ஸ் ஆண்ட்ரியோனியும் உடன் இருவரும் 2017-இல் எழுதியது. நம் வீதிகளில் இரண்டாவது வாசல் கிடையாது. அதனால் "அப்பா வீட்ல இல்லீங்க" என்று சொல்லப் பிள்ளையை அனுப்புகிறோம். உள்ளறையில் டிவி சத்தம் சட்டென்று குறையும். வசூலுக்கு வந்தவருக்கும் அது தெரியும். செருப்பை எண்ணிப் பார்த்துவிட்டு, "சரி கண்ணு, ராத்திரி வர்றோம்னு சொல்லு" என்பார்.

ரசீதுக்கு வெளியே நடப்பது தனி உலகம். குழந்தைக்குக் காய்ச்சல் ஏறிய ராத்திரி, ஒரு ரூபாய் நாணயத்தை மஞ்சள் நனைத்த துணியில் முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைக்கிறாள் ஒருத்தி. அது பழனி உண்டியலில் விழ இரண்டு வருஷம் ஆகலாம். விழும்போது தனியாக விழாது. முந்தானையில் வைத்திருக்கும் இருநூறோ ஐநூறோ கூடச் சேர்ந்து விழும். அவள் புருஷனுக்கு அந்தத் தொகை தெரியாது. வீட்டுக்குக் கணக்கெடுக்க வருகிறவரிடம் புருஷன்தான் பேசுவான். அதேபோல, தறி ஓட்டுபவரோ தைப்பவரோ திடீரென்று இறந்துவிட்டால் கம்பெனியில் செக்கிங் டேபிளில் ஒரு நோட்டுத்தாளை வைப்பார்கள். ஆளுக்கு ஐம்பது, நூறு, சூப்பர்வைசர் ஐநூறு. அடுத்த சனிக்கிழமை சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லிப் பெயர் மட்டும் எழுதுகிறவர்களும் இருப்பார்கள். இவ்வளவும் எந்தக் கணக்கில் வரும்? கொடுத்தவர்களைக் கேட்டாலே தானம் என்று சொல்ல மாட்டார்கள். "கூட வேல செஞ்ச ஆளுங்க" என்பார்கள், அவ்வளவுதான்.

ஊர்க்கோயில் தலைக்கட்டு வரி இன்னொரு ரகம். வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாக விழும். மாடி வீட்டுக்கும் ஓட்டு வீட்டுக்கும் ஒரே தொகை. பொருளாதாரம் படித்தவர்கள் ஏழையைக் கூடுதலாக நசுக்குகிற வரி என்பார்கள், சரிதான். ஆனால் கட்டுகிற ஏழை அதைக் குறைக்கச் சொல்வதில்லை. கடன் வாங்கியாவது முழுசாகக் கட்டுவார். கட்டினால்தான் தேர் வடத்தில் கை வைக்கலாம், பொங்கல் பானை வைக்கலாம், ஊர்க்கூட்டத்தில் எழுந்து ஒரு வார்த்தை பேசலாம். ஒருவரை ஊர் ஒதுக்கிவைக்க நினைத்தால் அவரிடம் வரி வாங்க மறுப்பார்கள். தலித் குடும்பங்களிடம் வரி வாங்க மாட்டோம் என்று சொல்லி, அதன் மூலம் திருவிழாவில் பங்கில்லை என்றாக்கிய சண்டைகள் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் தாசில்தார் வரைக்கும், கோர்ட் வரைக்கும் போயிருக்கின்றன. கொடுக்க வைத்துக்கொண்டு, கொடுக்க விடுங்கள் என்று மனுப் போடுகிற மனிதர்களும் இந்த நாட்டில் இருக்கிறார்கள்.

கேட்கப்படாமல் இருப்பது சலுகை போலத் தெரியும். திருப்பூரில் கேட்கப்படாதவர்கள் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்து தைக்கிறவர்கள். வரிசை வீடுகளில், கம்பெனி ரூம்களில், எத்தனையோ ஆயிரம் பேர். ரசீதுப் புத்தகம் அந்தச் சந்துக்குள் திரும்புவதே இல்லை. "அவனுங்க என்னத்தப் போடப்போறானுங்க" என்று சொல்லிக்கொண்டு கமிட்டி அடுத்த வீதிக்குப் போய்விடும். அவர்களுக்குள் வசூல் நடக்காமல் இல்லை. ஒருவன் இறந்துவிட்டால் உடலை ஊருக்கு அனுப்ப, ஆம்புலன்ஸ் வாடகையோ ரயிலோ விமானமோ, சக தொழிலாளிகள் ஜிபேயில் ஆளுக்கு இருநூறு முந்நூறு என்று ஓரிரவில் திரட்டுகிறார்கள். அந்த வாட்ஸ்அப் பட்டியல் ஒடியாவிலோ இந்தியிலோ இருக்கும். நம் வீட்டு போன்களுக்கு அது வராது. அவர்களுக்குக் கேட்கத் தெரியாததால் அல்ல. நம்மிடம் கேட்கலாம் என்று தோன்றுகிற அளவுக்கு நாம் அவர்களோடு பேசிப் பழகியதில்லை.

பெரிய வீடுகளின் கொடைக்குள் ஒரு நம்பிக்கை ஓடுகிறது. திருப்பூர் முதலாளிகளைப் பற்றி ஷரத் சாரி 2004-இல் எழுதிய 'ஃபிரேட்டர்னல் கேபிடல்' என்ற நூல், தொழிலாளியாக இருந்து முதலாளியான கவுண்டர்கள் தங்கள் ஏற்றத்தை 'உழைப்பு' என்ற ஒன்றால் விளக்கிக்கொள்வதை விரிவாகப் பேசுகிறது. கட்டிங் டேபிளில் நின்றவன், இன்றைக்கும் மிஷினைக் கழற்றி மாட்டத் தெரிந்தவன் என்பதில் அவர்களுக்கு நியாயமான பெருமை உண்டு. அந்தப் பெருமைதான் எதற்குக் கொடுப்பது, எதற்குக் கூடாது என்பதையும் முடிவு செய்கிறது. பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுப்பார்கள், நோய்க்குக் கொடுப்பார்கள், சோறு போடுவார்கள், சாமிக்குக் கேட்கவே வேண்டாம். கை கால் நன்றாயிருக்கிற ஆள் கஷ்டம் என்று வந்து நின்றால் முகம் மாறும். "உழைச்சுச் சாப்பிட வேண்டியதுதானுங்களே, நாங்கெல்லாம் அப்படித்தான் வந்தோம்." எட்டு மணி நேரத்துக்கான கூலி ஒரு குடும்பத்துக்குப் போதுமா என்ற கேள்வியை இந்த வாக்கியம் வாசலிலேயே நிறுத்திவிடும். நன்கொடையை இரட்டிப்பாக்கச் சொன்னால் ஒத்துக்கொள்கிற ஒருவர், பீஸ் ரேட்டில் பத்து பைசா கூட்டச் சொன்னால் சங்கக் கூட்டத்தில் மணிக்கணக்கில் வாதாடுவார். முன்னது அவர் கையால் தருவது. பின்னதைத் தந்தால் யாரும் கும்பிட மாட்டார்கள்.

இவ்வளவு சொன்னபின் இந்த ஊர் கொடுத்து நிற்கவைத்தவற்றையும் சொல்லவேண்டும். 2015-இல் வெற்றி அறக்கட்டளை தொடங்கிய 'வனத்துக்குள் திருப்பூர்' லட்சக்கணக்கில் மரங்களை வளர்த்திருக்கிறது. நடுவதோடு விடாமல், தண்ணீர் லாரியும் வேலியும் ஆளும் வைத்துக் காப்பாற்றியதால் நின்ற மரங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் புற்றுநோய் சிகிச்சை மையத்துக்காக, 90 கோடி ரூபாய்த் திட்டத்தில் 30 கோடியை ஊர்ப் பங்காகத் திரட்டும் பொறுப்பை ரோட்டரிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். 'நமக்கு நாமே' திட்டத்தில் மூன்றிலொரு பங்கை மக்கள் போட்டால் மிச்சத்தை அரசு போடும் என்பது விதி. இங்கேயும் முதல் ரசீது வேலை செய்கிறது: அரசு அறுபது போடுகிறது என்பது அடிக்கட்டையில் பெரிய எழுத்தில் தெரிகிற தொகை. வெள்ளம் வந்தால் இந்த ஊர் கொடுப்பது வேறு வகை. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது திருப்பூரிலிருந்து போனது துணி. செகண்ட்ஸ், ஆர்டர் கேன்சலான சரக்கு, எக்ஸ்போர்ட் மிச்சம் என்று குடோனில் கிடந்ததும் அதில் இருந்திருக்கும். குறை சொல்ல ஒன்றுமில்லை, நனைந்து நிற்பவனுக்கு செகண்ட்ஸும் உலர்ந்த துணிதான்.

என் வாதத்துக்கு எதிராக நானே வைக்க வேண்டிய சாட்சி தாராபுரம் ரோட்டில் இருக்கிறது. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் திருப்பூரிலிருந்து பழனிக்கு நடப்பவர்கள் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. அவிநாசிபாளையம் தாண்டினால் வழியெல்லாம் பந்தல். மோர், தர்பூசணி, எலுமிச்சை சாதம், குளுகோஸ், கால் வலிக்குத் தைலம். ஒரு டெம்போ நிறைய ஆரஞ்சு வாங்கி வந்து, நாலைந்து டெய்லர்கள் ரோட்டோரம் நின்று உரித்து உரித்து நீட்டுவார்கள். "சாமி, ஒண்ணே ஒண்ணு வாங்கிட்டுப் போங்க சாமி." கேட்பவர் இங்கே கொடுப்பவர்தான். ரசீது கிடையாது, பெயர் கிடையாது, பக்கத்துப் பந்தல்காரர் எவ்வளவு செலவழித்தார் என்ற பார்வை கொஞ்சம் உண்டு. நடக்கிறவன் கூலிக்காரனா முதலாளியா என்று யாரும் பார்ப்பதில்லை. காவி வேட்டிக்குள் எல்லாரும் சாமி. கொடுக்கும் ஆசை இவ்வளவு இருக்கிறது என்றால், மற்ற நாட்களில் அது எங்கே போகிறது? வாங்குகிறவரைச் சாமி என்று கூப்பிட முடிகிறபோது பாய்ந்து வருகிறது என்றுதான் சொல்ல முடிகிறது. அதிலும் ஒரு கோளாறு உண்டு. டவுனை ஒட்டிய நாலு கிலோமீட்டருக்குள் பந்தல்மேல் பந்தலாகச் சாப்பாடு மிஞ்சிக் குப்பைக்குப் போகும். வெயில் ஏறிய பிறகு பொட்டல் காட்டு வழியில் தண்ணீருக்கு ஆளிருக்காது. வண்டியில் போய் வரத் தோதான தூரத்தில்தான் புண்ணியமும் கிடைக்கிறது.

சாமியாகப் பார்க்க முடியாதவர்கள் நொய்யலின் கீழ்ப்பகுதியில் இருக்கிறார்கள். சாயப்பட்டறைக் கழிவு ஆற்றில் இறங்கி, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, நிலமும் கிணறும் உப்பாகிப்போன விவசாயிகள். சுற்றுச்சூழல் இழப்பீட்டுக்கான ஆணையம் 2004-இல் 68 கிராமங்களைச் சேர்ந்த 28,596 பேருக்குச் சுமார் 24.8 கோடி ரூபாய் தரச் சொன்னது. தலைக்கு 9,000 ரூபாய்கூடத் தேறாது. அந்தச் சண்டை ஓயவில்லை. 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம் கழிவுநீர் லிட்டருக்கு 6 பைசா கட்டச் சொன்னது. சாயப்பட்டறை உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2009 அக்டோபரில் அங்கேயும், கெடுத்தவரே கொடுக்க வேண்டும் என்றுதான் தீர்ப்பு. அதற்குப் பிறகும் கழிவு நிற்காமல், 2011 ஜனவரி 28-இல் பட்டறைகளையே மூடச் சொல்லி உத்தரவு வந்தது. 24.8 கோடி இந்த ஊருக்கு எட்டாத தொகை இல்லை. மருத்துவமனைக்கு அதைவிட அதிகம் திரட்டப் பொறுப்பெடுத்துக்கொண்ட ஊர். ஆனால் விவசாயி கேட்டது தானமாக அல்ல, பாக்கியாக. கும்பிட்டு நின்று கேட்டிருந்தால் சில கோடிகள் வந்திருக்கும் என்றே நினைக்கிறேன். வக்கீல் வைத்துக் கேட்டவுடன் கை இறுகிவிட்டது. ஆற்றைக் கெடுத்ததற்குக் கோர்ட்டில் வாதாடிய தொழில்தான் மரம் நடவும் காசு கொடுக்கிறது. இரண்டிலும் ஒரே குடும்பங்கள்கூட இருக்கலாம். இதில் பாசாங்கு எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நாமாகக் கொடுப்பதும் நம்மிடமிருந்து வாங்கப்படுவதும் அந்த வீடுகளில் வேறு வேறு பீரோவில் இருக்கின்றன.

லிட்டருக்கு ஆறு பைசா என்பது ஒருவகையில் தமிழ் வணிகர்களுக்குப் பழக்கமான கணக்குதான். 17-ஆம் நூற்றாண்டில் உப்பு வியாபாரத்துக்குப் பழனிப் பக்கம் வந்த நகரத்தார், வியாபாரத்தில் ஒரு பங்கை முருகனுக்கு மகமையாக ஒதுக்கியதை டேவிட் ரட்னர் ஓலைச்சுவடிகளை வைத்து எழுதியிருக்கிறார். தென்மாவட்ட நாடார் உறவின்முறைகளில் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை. விருதுநகரில் 1889-இல் தொடங்கிய சத்திரிய வித்யாசாலையை வீட்டுக்கு வீடு தினம் எடுத்துவைத்த பிடியரிசி தாங்கியது; காமராஜர் படித்த பள்ளி அது. உலை வைக்கும்போது ஒரு பிடி தனியே போய்விடும். அன்றைக்கு மனசு எப்படி இருந்தது, யார் வந்து கேட்டார்கள், பக்கத்து வீட்டுக்காரி எத்தனை பிடி போட்டாள் என்பதற்கெல்லாம் வேலையே இல்லை. லாபம் என்ன என்று பார்ப்பதற்கு முன்பே சாமி பங்கு கணக்கில் கழிந்துவிடும்.

2024-25-இல் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி சுமார் 40,000 கோடி ரூபாய். ஆயிரத்துக்கு ஒரு ரூபாய் மகமை என்று வைத்தால் வருஷத்துக்கு 40 கோடி. மருத்துவமனைக்கான ஊர்ப் பங்கைவிட அதிகம். அத்தனை வருஷம் கோர்ட்டில் இழுத்த இழப்பீட்டைவிட அதிகம். ஒரு டி-ஷர்ட்டுக்கு 20 காசு, 30 காசு. வெளிநாட்டு பையருக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

இதை எந்த முதலாளியிடம் சொன்னாலும் முதலில் வரக்கூடிய கேள்வியை என்னால் ஊகிக்க முடிகிறது. "அப்படிப் பிடிச்சுட்டா, யாரு எவ்வளவு குடுத்தாங்கன்னு எப்படிங்க தெரியும்?" அசட்டுக் கேள்வி இல்லை அது. முதல் ரசீதே இல்லாத ஒரு நிதிக்கு யார் முன்னால் நிற்பார்கள்? விருதுநகரில் மகமை நிலைத்ததற்குக் காரணம், போடுகிறவரும் எண்ணுகிறவரும் ஒரே சாதி, ஒருவருக்கொருவர் முறை சொல்லிக் கூப்பிடுகிறவர்கள். திருப்பூரில் கவுண்டர், செட்டியார், நாடார், முஸ்லிம், மார்வாடி, தெற்கத்தி, வடக்கத்தி எல்லாரும் ஒரே துணியில் கை வைக்கிறார்கள். ஒரே நோட்டில் கணக்கு எழுதியதில்லை. யார் பெயரில் அக்கவுண்ட் திறப்பது, செக்கில் யார் யார் கையெழுத்து, ஒடிசாவிலிருந்து வந்த டெய்லருக்குக் கமிட்டியில் நாற்காலி உண்டா, நொய்யல் விவசாயிக்கு அதில் பங்கு உண்டா. கூட்டம் போட்டால் முதல் இரண்டையும் அரை மணி நேரத்தில் பேசி முடித்துவிடலாம். மற்ற இரண்டும் வரும்போது டீ வரும்; டீ குடித்தபின் பாதிப் பேருக்கு ஷிப்மெண்ட் வேலை ஞாபகம் வந்துவிடும்.